ரோடு ஏற ஏற வீடு எறங்குது

ஆசிரியருக்கு வணக்கம்,

ரோடு சட்டங்கள மாத்தணும்னு போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். பைபாஸ், ஆறு வழி, நில எடுப்பு எல்லாம் இருந்துச்சு, தெரு ரோடு பத்தி ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதுறேன்.

வேலூர் தொரப்பாடில எங்கப்பா வீடு கட்டனப்போ வாசல்ல மூணு படி, ஏறி தான் உள்ள போவணும். இப்போ ரோட்ல இருந்து ஒரு படி எறங்கி போறோம். வீடு கட்டனபடியே தான் கீது, ஒவ்வொரு தடவையும் பழைய ரோடு மேலயே ஜல்லியும் தாரும் கொட்டிகினே வந்ததுல ரோடு ஏறிடுச்சு. ஐப்பசி மழ ஆரம்பிச்சா வாசப்படி குறுக்கால மணல் மூட்ட வெப்போம், அதயும் தாண்டி சாக்கட தண்ணி வந்து பீரோ காலு ஊறிப்போயி துரு புடிச்சிடுச்சு, அம்மா வானம் கருத்தாலே அரிசி மூட்டய கட்டில் மேல ஏத்திடுவாங்க.

பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டு தான் (இத தான் மில்லிங்னு சொல்றாங்க) புதுசு போடணும், ஒயரத்த ஏத்தக்கூடாதுன்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாரு. அதுக்கப்புறம் எங்க தெருவுக்கு ரோடு போட வந்தப்போ காண்ட்ராக்டர் ஆள்கிட்ட இத சொல்லி கேட்டேன். "எஸ்டிமேட்ல மில்லிங் இல்ல சார், நாங்க இன்னா பண்றது"ன்னு டீய குடிச்சிகினே சொன்னாரு. சொன்னாப்ல மேலயே போட்டுட்டு போயிட்டாங்க, மூணே மாசத்துல பைப்பு போடணும்னு வேற ஒரு துறை வந்து அந்த புது ரோட்ட நடுவுல கிழிச்சிது. நம்ம ஊர்ல 2022ல நிறுத்தி வெச்ச பைக்க கூட நகத்தாம சக்கரத்தோட சேத்து சிமெண்ட் ரோடு போட்டாங்களே, ஊரே சிரிச்சிது, ஞாபகம் இருக்கும்.

சட்டம் போட முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. மாநில நெடுஞ்சாலை சட்டம் 2001ல வந்துச்சு, அதுல நிலம் எடுக்குற பகுதி செல்லாதுன்னு 2019ல ஐகோர்ட் சொன்னதும் அதே வருஷம் புதுசா ஒரு சட்டம் போட்டு அதுக்கு உயிர் குடுத்தாங்க, 2021ல சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு. நிலம் எடுக்கணும்னா இவ்ளோ வேகம் வருதுல்ல. தெரு ரோடு அந்த சட்டத்துல வராது, உள்ளாட்சி சட்டத்துல தான் வரும்னு வக்கீலுங்க சொல்வாங்க, எதுல வந்தா எனக்கென்ன, ரெண்டயும் திருத்துறது ஒரே சட்டசபை தான்.

அபராதத்த பாருங்க. ஹெல்மெட் போடலன்னா 100 ரூபாயா இருந்தத 2022ல 1000 ஆக்கிட்டாங்க, சரி, உயிர் நம்மளுது, கட்டுறோம். ரோட்ட ஒயுங்கா போடாதவங்களுக்கும் 2019ல திருத்துன மோட்டார் வாகன சட்டத்துல 198ஏன்னு ஒரு பிரிவு கீது, 1 லட்சம் வரைக்கும் அபராதம். ஆனா யாராச்சும் செத்தாலோ ஊனமானாலோ தான் அது பாயும். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா, பள்ளத்துல வுழுந்து பல்லு மட்டும் போனா ஒண்ணும் கெடையாது. அது மத்திய சட்டம். ரோடு மாநில பட்டியல்ல தான இருக்கு, நம்மளே எழுதலாமே.

நான் கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. மில்லிங் இல்லாத எஸ்டிமேட்டுக்கு கையெழுத்து போடக்கூடாதுன்னு சட்டத்துலயே எழுதுங்க, மீறி போட்டா அந்த ஆபீசர், காண்ட்ராக்டர் ரெண்டு பேருக்கும் அபராதம். பைப்பு, கேபிள் எல்லாம் பொதைச்சி முடிச்சோம்னு மத்த துறைங்க எழுதி குடுத்த அப்புறம் தான் டெண்டர். வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டு செவுத்துலயும் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வெக்கட்டும், ரோடு அதுக்கு மேல ஏறுச்சுன்னா பில் பாஸ் பண்ணக்கூடாது. எங்க வீட்டு செவுத்துல இப்பவே போட்டுக்கலாம், பெயிண்ட் நானே வாங்கி தரேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தொரப்பாடி, வேலூர்