டயானாவுக்குப் பறக்கத் தெரிய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காமிக்ஸ் நாயகிகளை சூப்பர் ஹீரோவாக மாற்றிப் பார்க்கும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். கூடவே போட்டிருந்த ஓவியத்தில் முகமூடி வீரர் மாயாவியின் ஜோடி டயானா பாமர் வானத்தில் பறக்கிறாள், கண்ணிலிருந்து நெருப்பு வருகிறது, இடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் டயானா யார், அவள் எந்தக் கதைக்குள் இருக்கிறாள் என்று பார்க்காமலே வரைந்துவிட்டார்கள்.

நான் ராணி காமிக்ஸ் வாசகி. அந்தக் காலத்தில் மாதம் இரண்டு புத்தகம் வரும். காசு கொடுத்து வாங்குவது அண்ணன், முதலில் படித்து முடிப்பது நான். முகமூடி வீரர் மாயாவி (ஆங்கிலத்தில் ஃபேன்டம்) கதை என்றால் அன்றைக்கு வீட்டில் சண்டைதான். (இரும்புக்கை மாயாவி வேறு ஆள். இரண்டு பேரையும் குழப்புகிறவர்களோடு எனக்கு இன்றைக்கும் ஒத்துப்போகாது.) அந்தக் கதைகளில் டயானாவுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை, கடத்தப்படுவது. நாற்காலியில் கட்டிப் போட்டிருப்பார்கள். நாலு பக்கம் தள்ளி மாயாவி வந்து கட்டை அவிழ்ப்பார். அவிழ்த்ததும் நன்றி சொல்ல ஒரு கட்டம் கிடைக்கும்.

மாயாவியைப் படைத்த லீ ஃபாக் 1936-ல் அவளை முதன்முதலாகக் கொண்டுவந்த விதமே வேறு. கையுறை மாட்டிக்கொண்டு ஓர் ஆணோடு குத்துச்சண்டை போடுகிற பெண்ணாகத்தான் அவள் அறிமுகம். பெண் பிள்ளை இப்படி இருக்கிறாளே என்று அம்மாவுக்குக் கவலை. அப்புறம் நீச்சல் குளத்தில் டைவிங் அடித்து ஒலிம்பிக் வரை போகிறாள், ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்க்கிறாள். 1977-ல் மாயாவியோடு கல்யாணம், பிறகு கிட், ஹெலாய்ஸ் என்று இரட்டைக் குழந்தைகள். அதற்கு அப்புறமும் வேலையை விடவில்லை. இத்தனையும் செய்கிற ஒருத்தியை, அவள் ஏதாவது செய்யத் தொடங்குகிற நேரம் பார்த்துக் கதை விட்டுவிட்டுப் போய்விடும். 2009-ல் தொடங்கிய ஒரு நீண்ட கதையில்கூட அவள் குண்டுவெடிப்பில் செத்துவிட்டதாக மாயாவியை நம்பவைத்து, அவளைச் சிறையில் அடைத்து வைத்தார்கள். நாற்காலி சிறையானது, அவ்வளவுதான்.

அவளை சூப்பர் ஹீரோ ஆக்குவதற்கு விண்கல்லும் வேண்டாம், ஆய்வுக்கூட விபத்தும் வேண்டாம். மாயாவிக்கே எந்தச் சக்தியும் கிடையாது என்பதைக் கட்டுரையாளர் மறந்துவிட்டார். அவர் பறக்க மாட்டார். குண்டு பட்டால் ரத்தம் வரும். 1536-ல் தொடங்கிய வம்சத்தில் அவர் இருபத்தொன்றாவது ஆள். அப்பன் செத்ததும் பிள்ளை அதே உடுப்பையும் அதே மண்டை ஓட்டு மோதிரத்தையும் போட்டுக்கொள்வான். முகமூடிக்குள் ஆள் மாறியது வெளியே தெரியாது. நானூறு வருஷமாக ஒரே ஆள், சாவே இல்லாதவன் என்று காடும் கடலும் நம்புகிறது. அந்த நம்பிக்கைதான் அவருடைய முழு பலமும். அந்த உடுப்பை ஒரு பெண் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? இதுவும் என் கற்பனை இல்லை. பதினேழாவது மாயாவியின் இரட்டைச் சகோதரி ஜூலி, அண்ணனுக்குப் பதில் முகமூடி போட்டுக்கொண்டு கிளம்பிய கதையை லீ ஃபாக்கே 1952-ல் எழுதிவிட்டார்.

இந்த வித்தையை நான் காமிக்ஸில் படிப்பதற்கு முன்பே எங்கள் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனால் மூன்று வருஷக் கணக்கு. அதுவரை வீடு, குத்தகை நெல், கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஆச்சிமார் கையில். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது ஐயாவிடமிருந்து, அதாவது தாத்தாவிடமிருந்து, கடிதம் நின்றுபோனது. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்கிற நீளத்துக்கு வீடு. உள்ளே சின்னப் பிள்ளைகளோடு அப்பத்தா. உள்ளூருக்கு விஷயம் தெரியும். வெளியூரிலிருந்து நோட்டம் பார்க்க வருகிறவனுக்குத் தெரியக் கூடாதே! ஐயாவின் செருப்பையும் கைத்தடியையும் எடுத்து முகப்புத் திண்ணையில் போட்டுவைத்தாராம். தினமும் காலையில் செருப்பைக் கொஞ்சம் இடம் மாற்றி வைப்பாராம், ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வரும் என்று. சாயங்காலம் ஒரு டம்ளர் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "ஆறிப் போகுது, வந்து குடிங்க" என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டு வருவாராம். ஐயா நடந்தும் வண்டி பிடித்தும் ஊர் வந்து சேர்ந்தபோது ஐந்தொகை (கடைசிக் கணக்கு) கட்டி, பைசா பிசகாமல் தயாராக இருந்ததாம். அந்தக் காபியை யார் குடித்தது என்று கேட்டேன். "நாந்தேன்" என்றார்.

இப்போது ஆத்தங்குடிக் கல்லையும் பர்மா தேக்குத் தூணையும் படம் எடுக்க வருகிறவர்களுக்கு நம்மவர்கள் கடல் கடந்து போனவர்களின் கதையைத்தான் சொல்கிறார்கள். தங்கியவர்களுக்கு அதில் ஒரு வரி வந்தால் பெரிய விஷயம். டயானாவைத் துணைப் பாத்திரம் என்கிறபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சக்தி கொடுத்துப் பார்த்ததே இல்லையா என்றால், உண்டு. சூப்பர்மேன் கதையில் வருகிற லோயிஸ் லேனுக்கு 1943-லேயே கொடுத்தார்கள். லாரி மோதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கு சூப்பர்மேன் ரத்தம் ஏற்றுகிறார், உடனே அவளும் பறக்கிறாள். கடைசியில் பார்த்தால் எல்லாம் கனவு! பத்திரிகை வேலையில் சூப்பர்மேனையே திணறடிக்கிற பெண்ணுக்கு இதைவிட மட்டமான பரிசு இருக்க முடியாது. நன்றாக அமைந்தது என்று நான் சொல்வது, சுத்தியல் ஏந்திய இடிக்கடவுள் தோர் கதையில் வரும் ஜேன் ஃபாஸ்டரைத்தான். 1962-ல் வெறும் நர்ஸாக வந்தவள், 2014-ல் சுத்தியலைத் தூக்கித் தானே தோர் ஆனாள். அப்போது அவளுக்கு மார்பகப் புற்றுநோய். ஒவ்வொரு முறை தோராக மாறும்போதும் உடம்பில் ஏற்றிய கீமோ மருந்தும் சேர்ந்து கழுவிப் போய்விடும். ஊரைக் காப்பாற்றக் காப்பாற்ற அவள் நோய் முற்றுகிறது. தெரிந்தேதான் தூக்குகிறாள். 2022-ல் படமாகவும் வந்தது. எனக்கு என்னவோ புத்தகத்தில் இருந்த கனம் படத்தில் இல்லை. அவளுக்குச் சக்தி வந்ததால் அது நல்ல கதை ஆகிவிடவில்லை. அந்தச் சக்திக்கு அவள் கைக்காசு போட்டாள், முடிவும் அவளே எடுத்தாள். டயானாவுக்கு நான் கேட்பதும் அதுதான்.

உங்கள் பத்திரிகையில் வரைகிற இளைஞர்கள் யாராவது முன்வந்தால் என் பங்குக்கு ஒரு கதைக்கரு தருகிறேன். மாயாவி எங்கோ தொலைதூரத்தில் காயம்பட்டுக் கிடக்கிறார், பேச்சு மூச்சில்லை. சேதி வெளியே போனால் கடற்கொள்ளைக் கூட்டம் அடுத்த நாளே கிளம்பிவிடும். மாயாவியின் காட்டு நண்பன் குரனுக்கும் டயானாவுக்கும் மட்டும் விஷயம் தெரியும். அவள் உடுப்பை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். உயரம் குறைவு, குரல் ஆகாது, அதனால் இருட்டில் மட்டும்தான் தலைகாட்ட முடியும், வாயைத் திறக்கக் கூடாது. சரி, குதிரை ஏறுவாள், ஆனால் மாயாவியின் ஓநாய் டெவில் அவள் பேச்சைக் கேட்குமா? இப்படி ஒவ்வொன்றாகச் சிக்கல் வரட்டும். குத்துச்சண்டை தெரிந்தவள், குத்தட்டும். பகலில் ஐ.நா. வேலையையும் பார்க்கட்டும். மண்டை ஓட்டுக் குகையில் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிற நாளேடுகளில் அன்றைய பக்கத்தை அவளே தன் கையெழுத்தில் எழுதட்டும்.

இரண்டே இரண்டு வேண்டுகோள். புருஷனைக் கொன்றுதான் அவளை நாயகி ஆக்க வேண்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அவர் பிழைத்து வரட்டும். வந்ததும் அவள் உடுப்பைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி நாற்காலியில் போய் உட்காரவும் கூடாது. கோயில் முறை மாதிரி ஆளுக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளட்டும். அவள் முறை நடக்கிறபோது இரட்டைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுவது மாயாவிதான் என்பதையும் முகமூடியோடு இரண்டு கட்டம் வரைந்துவிட்டால் புத்தகத்துக்கு முன்பணம் கட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.