மெடிக்கல் காலேஜ்னா திருவனந்தபுரம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்ல கூட்டம் தாங்கலன்னு போன வாரம் எழுதியிருந்தீங்க, அதுல தமிழ்நாட்டுக்காரங்களும் வந்து குவியறாங்கன்னு ஒரு வரி, அதுதான் கொஞ்சம் உறுத்துச்சு. அந்த காலேஜ் 1951ல தொடங்கினப்ப கன்னியாகுமரிக்காரங்க நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து ஆளுங்கதான், எங்க மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர்ல. பிரசவம்னா எஸ்.ஏ.டி., கேன்சர்னா ஆர்.சி.சி., இதயம்னா ஸ்ரீ சித்திரா, எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. சித்திராக்காரங்க சொந்தமா டெவலப் பண்ணின இதய வால்வை 1990லயே மனுஷனுக்கு வெச்சுட்டாங்க. அப்படிப்பட்ட இடத்துக்கு ஆளு போகத்தான் செய்யும்.

ஆனா எங்க ஆளுங்க மேலயும் எனக்கு கோவம் உண்டு. நாகர்கோவில் பக்கத்துல ஆசாரிப்பள்ளத்துல 2001லயே அரசு மெடிக்கல் காலேஜ் வந்தாச்சு, எல்லையில இருக்கற எங்க களியக்காவிளைல இருந்து ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம், முதலமைச்சர் காப்பீட்டு கார்டும் அங்க செல்லும். கேட்டா, "அங்க படிக்கிற பிள்ளைங்கல்லா பாக்குது"ம்பாங்க. ஏன், திருவனந்தபுரத்துல மட்டும் படிக்காத பிள்ளைங்களா ஊசி போடுது? அந்த பிள்ளைங்க இருக்கறதுதான் நமக்கு நல்லதே. ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், பாத்து எழுதினத மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. டாக்டர் பாப்பாரு, அதுக்கு மேல அசிஸ்டென்ட், காலைல ரவுண்ட்ஸ் வரும்போது யூனிட் சீஃப் எல்லார் முன்னாலயும் ஏன் இந்த மருந்து குடுத்தேன்னு கேள்வி கேப்பாரு, அதுக்கு பதில் சொல்லணுமேன்னே ராத்திரி ரெண்டு மணிக்கும் அந்த ஹவுஸ் சர்ஜன் பேஷண்ட் பக்கத்துல நிப்பான். பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரில அந்த நேரத்துக்கு கன்சல்டன்ட் போன்லதான். இன்னொண்ணு, தமிழ்நாட்டுல பி.ஜி. ஸ்டேட் கோட்டா சீட்ல பாதி அரசு சர்வீஸ்ல இருக்கற டாக்டர்களுக்குத்தான், அதாவது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல நம்மள பாத்தவரு மெடிக்கல் காலேஜ் போய் படிச்சுட்டு திரும்ப அரசு ஆஸ்பத்திரிக்கே வர்றாரு. ஒரு மெடிக்கல் காலேஜ் மாவட்டத்துக்கே செய்யற வேலை இது, ஓ.பி. சீட்டு எண்ணிக்கைல தெரியாது.

கூட்டத்துக்கு காரணம் வேற. சுகர் மாத்திரை, டிரஸ்ஸிங், தையல் பிரிக்கறது எல்லாத்துக்கும் மெடிக்கல் காலேஜ் வரிசைலயே நிக்கறோம், எல்லாம் பக்கத்துல குழித்துறை, தக்கலை அரசு ஆஸ்பத்திரிலயே முடியற வேலை. பாதி பேருக்கு அது முடியும்னே யாரும் சொல்றதில்ல, டிஸ்சார்ஜ் சீட்டுல "ரிவ்யூ ஓ.பி."ன்னு கிறுக்கி விட்டா பாவம் அந்த கிழவி திருவனந்தபுரம் போற வழில பாலராமபுரம் டிராஃபிக்ல மாட்டி மூணு பஸ் மாறிதான போவா? உங்க ஊர் ஆஸ்பத்திரில போய் தையல் பிரிச்சுக்கோங்கன்னு ஒரு வரி எழுதி, அங்க உள்ள டாக்டருக்கு புரியற மாதிரி என்ன ஆபரேஷன், என்ன மருந்துன்னு தெளிவா போட்டா போதும், நிஜமாவே பெரிய வைத்தியம் வேண்டியவங்களுக்கு மெடிக்கல் காலேஜ்ல இடம் கிடைக்கும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஆசாரிப்பள்ளத்துல எந்த டிபார்ட்மென்ட்டுக்கு எந்த கிழமை ஓ.பி., தாலுகா ஆஸ்பத்திரிகள்ல என்னென்ன பாப்பாங்கன்னு மாசம் ஒரு தடவை கட்டம் கட்டி போடுங்க. ராசிபலனுக்கு அரைப்பக்கம் குடுக்கறீங்கல்ல, அதுல ஒரு ஓரம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், களியக்காவிளை