ஷாலி கீழ்ச்சரிவு வீடுகள்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

எகிப்தின் சீவா பாலைவனச் சோலையில், நம் பழைய கோட்டை ஊரான ஷாலி மேட்டின் கீழ்ச்சரிவில் நாம் எடுத்துக்கொண்ட வீட்டு வரிசையும் அதை ஒட்டிய சந்தும் வேலை முடிந்து, உரிய குடும்பங்களிடம் சாவி கொடுத்தாயிற்று. வரவு செலவு தனி ஏட்டில் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவோம். பொருளுக்கு ஆனதைவிட ஆள்கூலிக்கே மிகுதியாகப் போனது. கெர்ஷெஃப் என்னும் உப்பு மண் கட்டி வேலை அப்படித்தான்: மண்ணும் உப்பும் சீவாவிலேயே கிடைக்கிறது, அதை வைத்துக் கட்டத் தெரிந்த கை கிடைப்பதுதான் கடினம்.

ஊர் எப்படி எழுந்தது, எப்படி விழுந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் பணியின் முறையை அதுவே தீர்மானித்ததால் சுருக்கமாகச் சொல்கிறோம். சீவாவிலேயே உள்ள பழைய ஊரான அகுர்மியில் இருந்த முன்னோர் பாலைவனத்திலிருந்து வந்த தாக்குதல்களால் குறைந்துபோய், எஞ்சிய ஏழு குடும்பங்கள் 1203இல் இந்த மேட்டுக்கு வந்து மதில் எழுப்பினார்கள் என்று சீவாவின் பழைய கையெழுத்துப் பிரதி கூறுகிறது. மதிலுக்கு வெளியே வீடு கட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. குடும்பம் பெருகப் பெருக வீடு மேல்நோக்கி வளர்ந்தது. நான்கைந்து அடுக்கு வரை போன வீடுகள் உண்டு. 1820இல் எகிப்தை ஆண்ட முகமது அலியின் படை சீவாவைப் பிடித்த பிறகு கட்டுப்பாடு தளர்ந்தது, மக்கள் மெல்லக் கீழே இறங்கிக் குடியேறினார்கள்.

1926இல் மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஊரைக் காலி செய்தது. மழையே எல்லாவற்றையும் இடித்தது என்று சொல்வார்கள். இடிபாட்டை அகற்றிப் பார்த்தவர்கள் என்ற முறையில் அதை நாங்கள் முழுதாக ஏற்கவில்லை. பல சுவர்களில் உத்திரம் அமர்ந்த குழிகள் உடையாமல் அப்படியே இருந்தன. உத்திரம் முறிந்து விழுந்திருந்தால் குழியின் வாய் பிளந்திருக்கும். கீழே புது வீடு கட்டியவர்கள் பேரீச்ச மரத்தையும் கதவையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். உத்திரமும் கூரையும் போன சுவருக்கு இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை, தலையும் திறந்து கிடக்கிறது. அதன்பின் சிறு தூறல் போதும்.

ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு 2018இல் தொடங்கி 2020 நவம்பரில் நிறைவு விழா கண்ட பெரிய மீட்புப் பணியால் கோட்டைக்கு மீண்டும் உயிர் வந்தது. நம்முடையது அதற்குப் பின்வந்த சிறு பணி, குடியிருக்கும் வீடுகளுக்கானது.

கெர்ஷெஃப் கட்டி உப்பேரிக் கரையில் வெட்டி எடுப்பது. உப்பு, களிமண், மணல் மூன்றும் இறுகிய பாளம். கண்ணாடி போல வெளுத்த கட்டி பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் உப்பு மிகுதி என்பதால் ஈரத்தில் முதலில் கரைவதும் அதுதான். மண் நிறக் கட்டி விரலால் தேய்த்தாலே உதிரும். இரண்டுக்கும் நடுவில் பழுப்பாக, உடைத்த முகத்தில் உப்பு மணி மினுங்கும் கட்டிகளையே எடுத்தோம். பழைய இடிபாட்டில் கிடைத்த நல்ல கட்டிகளை அடிச்சுவருக்கு வைத்தோம், உதிர்ந்தவற்றை இடித்துச் சாந்தில் சேர்த்தோம். சாந்து குழைக்க நல்ல தண்ணீர் ஊற்றவில்லை. நல்ல தண்ணீர் கட்டியின் முகத்தைக் கரைத்துவிடும், உப்பேறிய ஏரி நீர் அப்படிக் கரைக்காது. காயும்போது அந்த உப்பு மணி பிடித்துக் கட்டியையும் சாந்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. நன்றாகக் காய்ந்த சுவரில் கட்டி எது சாந்து எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சுவர் அடியில் முக்கால் மீட்டர், மேலே போகப் போக அரை மீட்டர். ஒரே மூச்சில் ஒரு முழ உயரத்துக்கு மேல் ஏற்றவில்லை. ஈரச் சாந்து மேல்பாரத்தில் பிதுங்கி, சுவர் வயிறு தள்ளிவிடும். ஒரு வரிசை காயும் வரை அடுத்த வீட்டில் வேலை நடந்தது. பேரீச்சை அறுவடையும் அடுத்து ஆலிவ் பறிப்பும் வந்தபோது ஆட்கள் தோட்டத்துக்குப் போனார்கள். அதைத் தாமதம் என்று நாங்கள் எண்ணவில்லை, சுவர் காய அந்த இடைவெளி வேண்டியிருந்தது.

பழைய சுவரோடு புதுச் சுவரை ஒட்டவைத்தால் போதாது. புதியது காய்ந்து அமரும்போது இணைப்பில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடும். அதனால் பழைய சுவரைப் பல் பல்லாக வெட்டி, புதுக் கட்டிகளை உள்ளே கடிக்கவிட்டோம்.

கூரைக்குப் பிளந்து காயவைத்த பேரீச்ச மரம். அது நார் மரம் என்பதால் நீளம் கூடினால் தொய்ந்துவிடும், மூன்று மீட்டருக்கு மேல் அகலமான அறை வைக்க முடியாது. பெரிய அறை கேட்ட குடும்பங்களுக்கு இதைத்தான் விளக்கினோம். நிலைக்கு மேல் ஆலிவ் மரம். உத்திரத்தின் மேல் பேரீச்ச மட்டை, அதன்மேல் ஆலிவ் தழை, அதன்மேல் மண்பூச்சு, கூரை முழுவதும் ஒரே பக்கமாகச் சரிவு.

கூரை நீரை வெளியே விடும் தூம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய சுவர் ஒன்றில் தூம்பின் நேர்கீழே, கை நுழையும் ஆழத்துக்கு நெடுக ஒரு பள்ளம். தூம்பு குட்டையாக இருந்ததால் தண்ணீர் எட்டி விழாமல் சுவரோடு வழிந்து, உப்பைக் கரைத்துக்கொண்டே போயிருக்கிறது. சுவரின் மற்ற பாகம் முழுவதும் நலமாக இருந்தது. இப்போது எல்லாத் தூம்புகளையும் குடைந்த பேரீச்ச மரத்தில் ஒரு மீட்டர் வெளியே நீட்டியிருக்கிறோம், விழுமிடத்தில் கல் பாவியிருக்கிறோம்.

சிமெண்ட் கேட்டவர்கள் வருத்தப்பட்டார்கள். முன்பு சிமெண்ட் பூசிய இரண்டு சுவர்களைத் தட்டிப் பார்த்தபோது பொள்ளென்று ஒலித்தது. பூச்சைப் பெயர்த்தால், பின்னால் உப்பு பொங்கிச் சுவரின் முகமே பொடியாகிக் கிடந்தது. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி அரிக்கிறது. சிமெண்டோடு வைக்கும் இரும்புக் கம்பியும் உப்பில் துருவேறி வீங்கிச் சுவரைப் பிளக்கும். அதனால் மண்பூச்சு மட்டுமே. மின்கம்பிகள் பிளாஸ்டிக் குழாயில் போகின்றன.

குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள் வேண்டும் என்ற கோரிக்கைக்கு மேல்மாடியில் இடம் கொடுக்கவில்லை. எப்போதாவது வரும் மழையைவிட நாள்தோறும் கசியும் குழாய் இந்தச் சுவருக்குப் பெரிய ஆபத்து. தரைத்தளத்தில் சுவரை விட்டு விலக்கி, கல் மேடை மேல், வெளியே தெரியும் குழாயோடு வைத்திருக்கிறோம். கசிவு கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே குழாயை மறைக்கவில்லை.

மேட்டு உச்சியில் உள்ள சுவர்களைத் தொடவில்லை. அவற்றின் அடி பாதி கரைந்துவிட்டது. மேலே பாரம் ஏற்றினால் கீழே குடியிருப்பவர்கள் மேல் விழும். சரியக்கூடிய முனைகளை இறக்கி, தலைக்கு மண் குல்லாய் வைத்ததோடு நிறுத்தினோம். அடிவாரத்தில் கடைசி வீட்டின் சுவரடியிலும் இன்னும் ஈரம் இருக்கிறது. சீவாவில் கிணறுகள் பெருகி, வடிகால் போதாமல் நிலத்தடி நீர் ஏறிக்கொண்டிருப்பதுதான் காரணம். அதை ஒரு வீட்டுப் பணியால் தீர்க்க முடியாது. சுவரைச் சுற்றி வாய்க்கால் வெட்டிச் சரளை நிரப்பியிருக்கிறோம்.

சாவி வாங்கிய குடும்பங்கள் ஒப்புக்கொண்டவை: ஆண்டுதோறும் பேரீச்சை அறுவடைக்கு முன் கூரை ஏறிப் பார்த்து விரிசலில் மண் அடைப்பது, ஒவ்வொரு மழைக்கும் பிறகு தூம்பைச் சுத்தம் செய்வது, வீட்டை ஆறு மாதத்துக்கு மேல் பூட்டி வைப்பதானால் குழுவிடம் சொல்வது. பூட்டிய வீட்டின் கூரையைப் பார்க்க முறை வைத்து ஆள் அனுப்புவோம். மிஞ்சிய கட்டிகளும் பிளந்த மரங்களும் சந்தின் முனையில் கூரையின் கீழ் அடுக்கப்பட்டுள்ளன. பழுதுபார்க்க மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எடுப்பவர் ஏட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.