குகையில கை வெக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஸ்கூல் லீவுல குடும்பத்தோட கிழக்கு மலேசியா சரவாக் மாநிலத்துல இருக்குற மூலு தேசியப் பூங்காவுக்குப் போயிட்டு வந்தோம். மீரியிலேர்ந்து சின்ன பிளேன்லதான் போனோம். காட்டுக்குள்ள பலகைப் பாதையில ஒரு மூணு நாலு கிலோமீட்டர் நடந்தா லாங் குகை, மான் குகை ரெண்டும் வந்துரும், கைடு இல்லாம உள்ள போக முடியாது.

லாங் குகை மத்ததைவிட சின்னதுதான், ஆனா மேலேர்ந்து கல்லு ஆலம் விழுது மாதிரி தொங்குது, லைட் வெளிச்சத்துல பாத்தா ஒவ்வொரு நுனியிலயும் ஒரு சொட்டுத் தண்ணி பளபளன்னு நிக்குது. மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்ல கரைச்சிக்கிட்டு எறங்கி, சொட்டுறப்போ கொஞ்சூண்டு சுண்ணாம்ப அங்கேயே விட்டுட்டுப் போகுது, அப்படி ஒரு விரல் நீளம் வளரவே நூத்துக்கணக்கான வருஷம் ஆகும். நம்ம கையில இருக்குற எண்ணெப்பசை பட்டா அந்த எடத்துல சுண்ணாம்பு ஒழுங்கா படியாது, கல்லும் கறுத்துப்போயிரும்னு கைடு வாசல்லயே சொன்னாரு.

சொல்லி பத்து நிமிஷம்கூட ஆகல, எங்க குரூப்புல ஒருத்தர் பையனைத் தூக்கிப் புடிச்சி "தொட்டுப் பாருடா"ங்கிறாரு. பையன் தொட்டுட்டு ஈரக்கைய சட்டையில தொடச்சிக்கிட்டான். கைடு ஓடி வந்து தடுத்தா, "ஒரு தடவை தொட்டா என்னங்க ஆயிரும்"னு அவரு கேக்குறாரு. எனக்கு மனசே ஆறல. வர்றவங்க எல்லாரும் ஒரு தடவைதானே தொடுறோம்!

சாயங்காலம் மான் குகை வாசல்ல இருபது முப்பது லட்சம் வௌவாலுங்க இரை தேடி கெளம்புற நேரம், கறுப்பு ரிப்பன் மாதிரி வளைஞ்சி வளைஞ்சி வானத்துல போகுது, அப்பவும் ஒருத்தர் போன்ல சத்தமா பாட்டு. அந்த வௌவால் எச்சத்தை நம்பித்தான் குகைக்குள்ள எத்தனையோ பூச்சிங்க உயிர் வாழுது.

மூலு தூரம்னு நெனைக்காதீங்க, நம்ம பத்துமலையும் சுண்ணாம்புக்கல் மலைதான். அங்க "இருட்டுக் குகை"ன்னு சொல்ற குகையில ரொம்ப அபூர்வமான ஒரு சிலந்தி இருக்கு, வருஷா வருஷம் படியேறிப் போற நம்மள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்?

டூர் ஏற்பாடு பண்றவங்க டிக்கெட் குடுக்கும்போதே இதெல்லாம் தமிழ்ல எடுத்துச் சொல்லணும், டீச்சருங்களும் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி கிளாஸ்லயே சொல்லிருங்க. குகைக்குள்ள போனப்புறம் இருட்டுல யாரும் காது குடுத்துக் கேக்குறதில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கிள்ளான்