குடை மேல் வாசலில், நான் கீழ் வாசலில்

மதிப்புக்குரிய கடை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கொடைக்கானலில் உள்ள உங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பல வருஷமாக வந்துபோகிற மேல்மலைக் கிராமத்துக்காரி நான். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்ததும் உங்களுக்குப் புரியும், ஊர்க்காரர்களுக்கும் புரியும். சீசனுக்கு முன்னால் மூன்று வாரம் மூடி வைத்துத் திரும்பத் திறந்தபோது உள்ளே என்னென்ன மாறியிருந்தது என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. மாற்றியவர்களே நீங்கள்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகக் கூடாது. மேல் ரோட்டில் திறக்கும் மேல் வாசலில், முன்பு இருந்த அதே இடத்தில், ஒரு பில் கவுண்டர் வையுங்கள். இப்போது பில் போடுவது கீழ் வாசலில் மட்டும்தான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அத்தைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தபோது மணி ஐந்தேகால். அத்தை என்றால் என் மாமியார். படுத்த படுக்கையாகி எட்டு மாதமாகிறது. நான் வாங்க வேண்டியிருந்தது ஒரே ஒரு பொருள், பெரியவர்களுக்கான டயபர், பத்து உள்ள பாக்கெட். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்குக் குழந்தைகளுக்கானதே எப்போதாவதுதான் வரும். எங்கள் பக்கம் போகும் பஸ் ஆறு மணிக்கு. முக்கால் மணி நேரம் இருக்கிறது, ஒரு பாக்கெட்தானே என்று நினைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மேல் வாசலில் இருந்த செக்யூரிட்டி தம்பி பையையும் குடையையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். ஈரக் குடையைக் கொண்டுபோனால் டைல்ஸ் வழுக்குமாம். நியாயம்தான்.

உள்ளே போனால் ஒரே பாதை. முதலில் சாக்லேட். அப்புறம் யூகலிப்டஸ் தைலம், வாசனை மெழுகுவத்தி, சால்வை. அதைத் தாண்டினால் கண்ணாடி ஜாடிகளில் ரிப்பன் கட்டிய மலைப்பூண்டு, அதற்கென்று தலைக்கு மேலே தனி விளக்கு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அல்லவா! எங்கள் காட்டில் தோண்டி, மூட்டை கட்டி, வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு ஏற்றிவிடுகிற பூண்டுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று நின்று பார்த்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் என் தப்பு. மற்ற நிமிஷங்கள் உங்களுடையவை. அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் மூன்றாவது வளைவுக்கு அப்புறம். டயபர் அதற்கும் கீழே, கீழ்த் தளத்தில், கடைசி அடுக்கின் அடித்தட்டில். முன்னால் ஒரு குடும்பம் ட்ராலியைக் குறுக்கே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விடுமுறைக்கு வந்தவர்கள். ஆனால் பாதையின் அகலம் ஒரு ட்ராலிக்குத்தான். வந்த வழியே திரும்பி மேலே போகலாம் என்றால் நீங்கள் வைத்திருக்கும் கேட் உள்ளே விடுகிறது, வெளியே விடுவதில்லை. (நெருப்பு கிருப்பு பிடித்தால் எந்த வழி என்று யாராவது யோசித்தீர்களா?)

பில் போடுவது கீழ் வாசலில். கீழ் வாசல் திறப்பது கீழ் ரோட்டில். என் பையும் குடையும் மேல் ரோட்டில். பஸ் ஸ்டாண்டுக்குப் போவதும் மேல் ரோட்டில்தான். நடுவே வெளிப்புறமாக, கூரை இல்லாத 46 படிகள். நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள், நான் எண்ணியிருக்கிறேன். வெளியே வந்தபோது மழை வலுத்திருந்தது. பாக்கெட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஏறினேன். முப்பது படி ஏறியிருப்பேன், மேலே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஜீப்புக்கு ஆள் சேரும்வரை நின்று, வீட்டுக்குப் போய்ச் சேர மணி ஒன்பது. அதுவரை அத்தை மத்தியானம் மாற்றிய துணியிலேயே கிடந்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் "நனைஞ்சுட்டியாம்மா?" என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

மறுவாரம் வந்து உங்கள் மேலாளரிடம் சொன்னேன். "சிஸ்டமே அப்படித்தாங்க்கா, மேலிடத்து முடிவு" என்றார். பாவம், அவர் என்ன செய்வார். மேலிடத்தில் இருப்பவர்களுக்கு மேல் வாசல் எதற்கு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் தம்பி மகன் கோவையில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறான். போனில் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தான். "அத்தை, அது தெரியாமல் நடந்ததில்லை, பிளான் போட்டுச் செய்வது" என்றான். தினமும் தேவைப்படுகிற பொருளை உள்ளே தள்ளி வைப்பது, அதை எடுக்கப் போகிறவர் தேவைப்படாததையெல்லாம் பார்த்துக்கொண்டே போகட்டும் என்றுதானாம். கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் வைத்தது சீக்கிரம் விற்கும், அடித்தட்டில் வைப்பது எப்படியும் தேடி வந்து வாங்கப்படுவது. அப்படிப் பார்த்தால் டயபர் அங்கே இருப்பதில் அர்த்தம் இருக்கிறது. வேண்டியவர்கள் எப்படியும் குனிவார்கள்.

மெதுவாக ஒரு புல்லாங்குழல் போட்டுவிடுகிறீர்களே, அதற்கும் கணக்கு இருக்கிறதாம். 1982-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ரொனால்ட் மில்லிமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். மெதுவான இசை ஒலித்தபோது ஜனங்கள் மெதுவாக நடந்தார்களாம், வேகமான இசையின்போது நடந்ததைவிட விற்பனை 38 சதவீதம் கூடுதலாம். இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் வருகிறவர்களுக்குத் திரும்பிப் போக சொந்தக் கார் இருந்திருக்கும். என்னை எவ்வளவு மெதுவாக நடக்கவிட்டாலும் என் பர்ஸில் இருப்பது 600 ரூபாய்தான். மெதுவாக நடந்தால் அதில் ஒரு பைசா கூடப்போவதில்லை, பஸ்தான் போகும்.

இன்னொன்றும் சொன்னான், அதுதான் மனதில் நிற்கிறது. அடுக்குகளில் நாமே எடுத்துக்கொள்ளும் கடையை அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் 1916-ல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் தொடங்கினாராம், பெயர் பிக்லி விக்லி. அதற்கு முன் அங்கேயும் நம் அண்ணாச்சி கடை மாதிரிதான், கேட்டால் ஆள் எடுத்துக் கொடுப்பார். உங்களுக்குப் பிடித்த இந்த ஒரே பாதையை அப்போதே அவர் வைத்திருக்கிறார், எல்லா அடுக்கையும் சுற்றித்தான் காசாளரிடம் வர முடியும். ஆனால் அந்த மனுஷன் எவ்வளவு சுற்றவிட்டாலும் கடைசியில் நுழைந்த பக்கமே கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவருடைய ஊரில் சரிவு இல்லையோ என்னவோ. மலைச்சரிவில் கடை கட்டி, ஒரு ரோட்டில் உள்ளே வாங்கி வேறு ரோட்டில் வெளியே தள்ளும் யோசனை உங்களுடையதுதான்.

கடையில் முன்பு ஒரு பெரிய சன்னல் இருந்தது. அதில் எட்டிப் பார்த்தால் பஸ் நிற்கிறதா, மூடுபனி இறங்கிவிட்டதா என்று தெரியும். அதை அடைத்து சில்வர் கேஸ்கேட் அருவியின் படத்தைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறீர்கள். வெளியே நிஜ மழை கொட்டும்போது உள்ளே அருவிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கடிகாரமும் இல்லை. நேரம் போவதே தெரியாமல் இருப்பது ஊர் பார்க்க வந்தவர்களுக்குச் சுகம், மறுக்கவில்லை. எங்களுக்கு நேரம் என்றால் பஸ். 2024-லிருந்து வெளியூர் வண்டிகள் கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் கேட்கிறார்கள். உங்கள் கடையிலிருந்து வெளியே போக ஒரு பாஸ் போட்டால்கூட வாங்கிக்கொள்கிறேன்.

அந்த சாக்லேட் வாசனையை எங்கிருந்து ஊதுகிறீர்கள் என்று தெரியவில்லை. காலையில் கிளம்பி வெறும் டீயோடு அலைகிறவர்களுக்கு அது வயிற்றைப் பிசைகிறது. அதே வாசனையில், மெழுகுவத்தி அடுக்கின் அருகே நாள் முழுக்க நிற்கிற பெண் பிள்ளைகளையும் பார்க்கிறேன். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அலங்காரத்துக்குக் கூடையில் பைன் காய்களை நிரப்பி வைக்க இடம் இருக்கிறது, ஒரு ஸ்டூலுக்கு இல்லை. சரி, இது என் விஷயம் இல்லை என்பீர்கள். கேட்கவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

பழைய கடைதான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அண்ணாச்சி கடையிலும் கடலைமிட்டாய் பாட்டில் சரியாகச் சின்னப் பிள்ளைகளின் கண் உயரத்தில்தான் இருக்கும், அதுவும் தற்செயல் இல்லை. உங்கள் கடையின் கதகதப்பும் வெளிச்சமும் எனக்கும் பிடிக்கும். விலை ஒட்டியிருக்கிறது, பேரம் இல்லை, யாரும் தரக்குறைவாகப் பேசுவதில்லை. சாக்லேட்டை முன்னால் வையுங்கள், பூண்டுக்கு ரிப்பன் கட்டுங்கள், புல்லாங்குழலும் ஒலிக்கட்டும். வியாபாரம் உங்களுடையது. ஆனால் சீசன் முடிந்து ஐப்பசி அடைமழையில் உங்கள் கடையில் கால் வைப்பவர்கள் யார் என்பதையும் பில் கணக்கை எடுத்து ஒருமுறை பாருங்கள். பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் கூக்காலிலிருந்தும் ரப்பர் செருப்போடு இறங்கி வருகிற நாங்கள்தான்.

ஆகவே, தயவுசெய்து மேல் வாசலில் ஒரு பில் கவுண்டர். ஐந்து பொருளுக்குள் வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்றாலும் போதும். அந்த ஒருவழி கேட்டை இரண்டு பக்கமும் திறக்கும்படி செய்யுங்கள். டயபரையும் பாலையும் மேல் தளத்துக்குக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது, அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

பத்து டயபர் எங்கள் வீட்டில் ஐந்து நாளுக்கு மேல் வராது, அதனால் சீக்கிரமே மறுபடி வருவேன். அதற்குள் கவுண்டர் வைக்க முடியாது என்றால், குடையை மட்டுமாவது உள்ளே கொண்டுபோக விடுங்கள். தரை வழுக்காமல் நானே துணி கொண்டுவந்து துடைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மேல்மலையிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர்