வினையோடு கேள்வியையும் சேர்த்துப் படி

அன்புள்ள அம்மு,

நேற்று ஃபோனில் நீ தழுதழுத்தது இன்னும் காதிலேயே இருக்கிறது. செக் மொழியின் ஏழு வேற்றுமைகளையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தும், கடையில் வாயைத் திறந்தால் சொல்லின் கடைசி தப்பிப்போகிறது என்றாய். செக் நாட்டு ப்ர்னோ நகரில் முதல் வருஷம் எனக்கும் இதே பாடுதான்.

அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வை. எந்த வேற்றுமை வரவேண்டும் என்பதை முன்னால் நிற்கும் சின்னச் சொல்லும் வினையும்தான் முடிவு செய்கின்றன. நீ தினமும் வாங்கும் காபியையே எடுத்துக்கொள். பால் 'ம்லேகோ', சர்க்கரை 'ட்சுக்ர்'. பாலோடு வேண்டுமென்றால் 'ஸ் ம்லேகெம்', ஏழாவது. சர்க்கரை இல்லாமல் என்றால் 'பெஸ் ட்சுக்ரு', இரண்டாவது. 'நா' மட்டும் இரண்டு பக்கமும் போகும்: மேசைமேல் வைக்கும்போது 'நா ஸ்தூல்', நான்காவது, மேசைமேல் இருக்கும்போது 'நா ஸ்தொலெ', ஆறாவது.

ரயிலில் வந்தேன் என்பதற்குப் பல மாதம் நான் 'ஸ் வ்லகெம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது ரயிலைத் துணைக்குக் கூட்டிவந்த மாதிரி ஆகிவிடும். வெறும் 'வ்லகெம்' போதும். நம் மூன்றாம் வேற்றுமையை நினைத்துப் பார்: பேனாவால் எழுதினேன், தோழியோடு போனேன். 'ஆல்', 'ஓடு' இரண்டும் நமக்கு ஒரே வேற்றுமை. அவர்களுக்கும் கருவி, துணை இரண்டும் ஏழாவதில் அடக்கம். துணைக்கு மட்டும் 'ஸ்' சேரும். இது பிடிபட்ட அன்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆனால் வினையில் தமிழை அப்படியே நம்பிவிடாதே. 'அம்மாவுக்கு உதவுகிறேன்' அங்கேயும் நம் 'கு' போலத்தான்: 'பொமாஹாம் மமின்ட்செ', அவர்கள் கணக்கில் மூன்றாவது. நாய்க்குப் பயப்படுவதோ 'பொயீம் ஸெ ப்ஸா', இரண்டாவது. பயத்துக்கும் இரண்டாவதுக்கும் என்ன உறவு என்று யோசித்து மாளாது. அந்த வினை அதைத்தான் கேட்கும்.

அங்கே பள்ளிப் பிள்ளைகள் வேற்றுமையை 'யார், எது' என்ற கேள்வியாகத்தான் படிப்பார்கள், அந்தக் கேள்விச் சொல்லும் வேற்றுமைக்கு ஏற்ப மாறும்: இரண்டாவதுக்கு 'கொஹொ, செஹொ', மூன்றாவதுக்கு 'கொமு, செமு'. நீயும் நோட்டில் பயப்படுவதற்கு 'பாத் ஸெ' என்று மட்டும் எழுதாதே, 'பாத் ஸெ கொஹொ, செஹொ' என்று எழுது. உதவுவதற்கு 'பொமாஹத் கொமு' என்று எழுது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஐந்து வினை சொல்லு, அதன் கேள்வியை நான் சொல்கிறேன். அப்புறம், நாளைக்குக் காபியைக் கையை நீட்டிக் காட்டாமல் வாய்விட்டுக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அம்மா