தமிழ் வேதாகம மென்பொருளில் தேடல் வேலை செய்யவில்லை, குறிப்புகளும் பூட்டிக்கொண்டன: புகார்

அனுப்புநர்: தமிழ்ப் பதிப்பு வாடிக்கையாளர், சத்துவாச்சாரி, வேலூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: பழுதைச் சரிசெய்து குறிப்புகளை மீட்டுத் தருதல் அல்லது பணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

ஐயா,

உங்கள் வேதாகம ஆராய்ச்சி மென்பொருளின் தமிழ்ப் பதிப்பை 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ரசீது நகல் இத்துடன் இருக்கிறது. எங்கள் தெரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதபாடம் எடுப்பவன் நான். இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று கோத்துப் பார்ப்பதுதான் என் படிப்பு முறை. "முழுமையான தமிழ்த் தேடல்" என்று உங்கள் விளம்பரத்தில் பார்த்துத்தான் வாங்கினேன்.

அந்தத் தேடலில் "மேய்ப்பர்" என்று அடித்தால் 23ஆம் சங்கீதம் வரவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூட மனப்பாடமாகச் சொல்லும் சங்கீதம் அது! காரணத்தை நானே தேடிக் கண்டுபிடித்தேன். வசனத்தில் இருப்பது "மேய்ப்பராயிருக்கிறார்". நான் அடித்த சொல்லின் கடைசியில் புள்ளி வைத்த ர், வசனத்திலோ அது ரா ஆகிவிட்டது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் உங்கள் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு. தமிழில் வேற்றுமை உருபோ விகுதியோ ஒட்டாமல் வரும் சொல் எத்தனை? ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலைத் தமிழுக்கு அப்படியே மாட்டிவிட்டீர்கள்.

இதைக் கேட்டதற்கு உங்கள் உதவிப் பிரிவு சொன்ன பதில்: "பாதி வார்த்தையை அடித்துத் தேடுங்கள்." சரி என்று "மரம்" என்பதற்குப் பதிலாக "மர" என்று அடித்தேன். ஏதேன் தோட்டத்து மரத்தோடு மரணம், மரியாள் எல்லாரும் வரிசையாக வந்தார்கள். அதில் மரத்தைப் பொறுக்கி எடுப்பதற்கு அச்சுப் புத்தகத்தையே புரட்டிவிடலாம்.

இன்னொன்று. "பொறுமை" என்று நான் தட்டச்சு செய்தால் ஒன்றுமில்லை என்கிறது. அதே சொல்லை வசனத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கிடைக்கிறது. கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் "பொ"வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. தேடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியது உங்கள் வேலை. என்னைக் கீபோர்டை மாற்றச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

தமிழ் வசனத்துக்குப் பக்கத்தில் காட்டும் எபிரெய மூலப் பத்தியும் அப்படித்தான். 51ஆம் சங்கீதம் தமிழில் 19 வசனம், எபிரெயத்தில் தலைப்பும் எண்ணில் சேர்வதால் 21. "சுத்த இருதயம்" வரும் 10ஆம் வசனத்தைச் சொடுக்கினால் பக்கத்தில் நிற்பது நம்முடைய 8ஆம் வசனம். எபிரெயத்தில் யோவேலுக்கு 4 அதிகாரம், மல்கியாவுக்கு 3. தமிழில் அது தலைகீழ். பழகாத ஒருவர் இதை நம்பிப் பாடம் எடுத்தால் தவறான வசனத்துக்குத்தான் விளக்கம் சொல்வார். எபிரெய, கிரேக்க மூலச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஸ்ட்ராங் அகராதி தமிழில் உண்டு என்றீர்கள், திறந்தால் ஆங்கிலம். போகட்டும்.

எனக்குப் பெரிய இழப்பு வேறு. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தினார்கள். அதனால் புது லேப்டாப் வாங்கினேன். அதில் உங்கள் மென்பொருளை ஏற்றினால் "இந்த லைசென்ஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று கதவைச் சாத்துகிறது. ரோமர் நிருபத்துக்கும் எபிரெயர் நிருபத்துக்கும் நான் எழுதி வைத்த குறிப்புகள் முழுக்க அதற்குள்ளே இருக்கின்றன. கோப்பு என் கையில் இருக்கிறது, ஆனால் உங்கள் மென்பொருளைத் தவிர வேறெதுவும் அதைத் திறக்காது. சாதாரண எழுத்துக் கோப்பாக எடுக்கவும் வழி வைக்கவில்லை. மென்பொருள் உங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். குறிப்புகள் என்னுடையவை. கூட்டத்தில் ஒரு தம்பி இ-ஸ்வோர்ட் என்ற காசே இல்லாத வேதாகம மென்பொருளை வைத்துப் படிக்கிறார். நான் பணம் கொடுத்துவிட்டு உங்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் என் லைசென்ஸை புது லேப்டாப்புக்கு மாற்றிக் கொடுங்கள். குறிப்புகளை வெளியே எடுக்க ஒரு வழியும் செய்யுங்கள். இதற்கு அடுத்த அப்டேட் வரை காத்திருக்க முடியாது. தேடலையும் வசன எண்களையும் எப்போது சரிசெய்வீர்கள் என்று தேதி போட்டு எழுத்தில் சொல்லுங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பிவிடுங்கள், ஆனால் அப்போதும் குறிப்புகள் எனக்கு வந்தாக வேண்டும். 1853இல் ஆற்காடு மிஷன் தொடங்கிய காலத்திலிருந்து வேதாகமம் படிக்கிற வட்டாரம் இது. உங்கள் மென்பொருளை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். உங்கள் அலுவலகம் எந்த நகரத்தில் இருந்தாலும் வேலூருக்கு வரவேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

இணைப்பு: ரசீது நகல், பிழைச் செய்தியின் படம், உதவிப் பிரிவின் பதில்கள்.